கணவனும் மனைவியும் ஒரே ஜூரியில் கூடாது

வில்மோட், நெப்ராஸ்கா
12 ஜனவரி 1987

லூமிர்,

நலம் விசாரிக்க எழுதவில்லை. ஒரு படிவத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. அதில் ஒரு கட்டத்துக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஜூரி சம்மன் வந்திருக்கிறது. ஆமாம், எனக்குத்தான். துணிக்கடைக்காரி கீழேயிருந்து உறையை ஆட்டிக்கொண்டே, "அல்பீனா, கோர்ட்லேருந்து வந்திருக்கு, யார என்ன பண்ணினே?" என்று கத்தினாள். கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். புருஷனைப் பிரிந்து கடை மாடியில் குடியிருப்பவள் கொலை செய்திருந்தாலும் ஆச்சரியமில்லை என்பதுபோல் பார்த்தார்கள். பிரித்துப் பார்த்தால் ஜூரி. பிப்ரவரி 23 காலையில் ஆஜராக வேண்டும். வராவிட்டால் கோர்ட் அவமதிப்பாம்.

பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தையெல்லாம் இரண்டு தரம் படித்தேன். இந்த நாட்டுக் குடிமகளா? ஆம். இந்த மாவட்டத்தில் குடியிருக்கிறாயா? பிறந்ததிலிருந்து வேறு எங்கே போனேன்! பத்தொன்பது வயது நிரம்பியதா? எழுதியவனுக்கு நல்ல நகைச்சுவை உணர்வு. ஆங்கிலம் படிக்கத் தெரியுமா, பெரிய குற்றத்துக்குத் தண்டனை பெற்றதுண்டா, அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டதால் விலக்கு வேண்டுமா, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறாயா? எல்லாவற்றுக்கும் மளமளவென்று எழுதினேன். கடைசியில் ஒரு கட்டம். "கணவர் தொழில்."

முப்பது வருஷம் எந்தப் படிவம் வந்தாலும் அந்தக் கட்டத்தில் "பால் பண்ணை" என்று எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சர்ச் என்று எல்லா இடத்திலும். அக்டோபரில் அந்த லாரி வந்து மாடுகள் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போன பிறகு என்ன எழுதுவது? நீயே சொல். பொய் எழுதினால் தண்டனை உண்டு என்று கீழே போட்டிருக்கிறது.

போன் செய்யாதே. போனில் நீ "ம்" என்பாய், நான் பேசிக்கொண்டே இருப்பேன், மறுபடி "ம்" என்பாய். காகிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதி ஸ்டாம்பு ஒட்டி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும். அதனால் கடிதம்தான்.

அல்பீனா

•

பண்ணை
17 ஜனவரி

அல்பீனா,

"விவசாயம்" என்று எழுது. சோளம் இருக்கிறது, கோழி இருக்கிறது.

எனக்கும் அதே சம்மன் வந்திருக்கிறது. அதே தேதி, அதே குழு. எனக்கு இது நாலாவது தடவை. நம் முகவரி இரண்டாகிவிட்டதால் கம்ப்யூட்டருக்கு நாம் யாரென்று தெரியவில்லை போலிருக்கிறது. கடைசிப் பத்தியைப் பார். கணவனும் மனைவியும் ஒரே ஜூரிக் குழுவில் இருக்கக் கூடாது, ஒருவரை விலக்கிவிடுவார்கள்.

அந்தக் கோர்ட் ஹாலில் குளிர் அதிகம். பிப்ரவரியில் ரோடும் வழுக்கும். உனக்குக் குளிர் ஆகாது. கோர்ட் கிளார்க் ஜோயனுக்குப் போன் செய்து உன் பெயரை எடுக்கச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே பனி முழங்கால் அளவு. பம்பு உறைந்துவிட்டது. சரி செய்தேன்.

லூமிர்

•

வில்மோட்
20 ஜனவரி

லூமிர்,

ஜோயனுக்குப் போன் செய்தாயானால் இந்த ஜென்மத்தில் உன் முகத்தில் விழிக்க மாட்டேன். உன் கடிதம் வந்த அன்றே கோர்ட்டுக்கு ஓடினேன். ஜோயன், "உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் பேசலயே" என்றாள். பிழைத்தாய்.

"உனக்குக் குளிர் ஆகாது, உன் பெயரை எடுத்துவிடுகிறேன்." எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்! மாடுகளை விற்றதும் இப்படித்தானே? நான் பால் கறக்கப் போகும் நேரத்தில் யாரோ முன்பின் தெரியாதவன் லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான். "குட்மார்னிங் மேடம், எத்தன உருப்படின்னு சொன்னாரு?" என்று என்னைக் கேட்டான். அவற்றுக்கு உருப்படி என்று பெயரில்லை. ரோஸாலி, பெட்டி, நொண்டி மில்லி எல்லாம் எனக்கு வீட்டு ஆட்கள். நான் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? "எல்லாம் முடிஞ்சிடுச்சு, பீனா." அவ்வளவுதான். அன்று மாலையே தையல் மெஷினை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அதையும் ஒரு வார்த்தை கேட்காமல் டிரக்கில் ஏற்றிவிட்டாய்.

இப்போது கேள். எனக்கு இந்த ஜூரியில் உட்கார வேண்டும்.

1955 ஞாபகம் இருக்கிறதா? நடனக் கூடத்து அடிதடிக் கொலை வழக்கு. கோர்ட்டுக்கு எதிரே ஹோட்டல் இருந்தது, இப்போது அந்த இடத்தில் பாங்கிக்காரன் கார்களை நிறுத்துகிறான். ஜூரியை மூன்று ராத்திரி அந்த ஹோட்டலில் தங்கவைத்து, சாப்பாட்டை ஜூரி அறைக்கே அனுப்பினார்கள். தூக்கிக்கொண்டு வந்தவள் நான். கதவில் டவாலி ஹைன்ஸ் நிற்பார், கிழட்டு மரம். "தட்ட வெச்சிட்டுப் போம்மா. பேசப்படாது. சிரிக்கவும் படாது. நீ சிரிச்சா அவங்க தீர்ப்ப மறந்துடுவாங்க." உள்ளே உன்னையும் சேர்த்துப் பன்னிரண்டு ஆம்பிளைகள், சிகரெட் புகை, நடுவில் நீள மேசை. நான் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். தட்டுகளை வைத்துவிட்டு வெளியே வந்து கதவு மூடியதும் மறுபடி குரல்கள் எழும்பும். ஒரு மனுஷன் உள்ளே போவானா வெளியே இருப்பானா என்று அந்த மேசையில் முடிவாகிக்கொண்டிருந்தது. எனக்கோ அதில் ஒரு வார்த்தைகூடக் கேட்கக் கூடாது. காலி டிரேயோடு மாடிப்படி இறங்கும்போது, நானும் ஒரு நாள் அந்தக் கதவுக்கு உள்பக்கம் உட்காருவேன் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் உன்னைக் கல்யாணம் செய்துகொண்டேன். உன்னை இரண்டு தடவை மறுபடி கூப்பிட்டார்கள், என்னை ஒரு தடவையும் இல்லை. நீ வீட்டுக்கு வந்ததும், "உள்ள என்ன பேசினீங்க?" என்று கேட்பேன். வழக்கு முடிகிற வரைக்கும் நீ சொல்லக் கூடாது, சரி. முடிந்த பிறகும் "ம்."

நாம் பிரிந்திருப்பது கணக்கில் வராது என்கிறாள் ஜோயன். வக்கீலிடம் போய் விவாகரத்து வாங்கும் வரை சட்டத்துக்கு நான் உன் மனைவிதான். ஆகவே நாம் இருவரில் ஒருவர்தான் உட்காரலாம். நீதிபதி எதிரிலேயே அது முடிவாகுமாம். எனக்காக விலகிக்கொள் என்று உன்னைக் கேட்க மாட்டேன். மாடுகளை விற்கும் முன் நீ என்னைக் கேட்டாயா?

துணிக்கடைக்கு அடுத்த கதவு வக்கீல் ஆபீஸ். தினமும் அதைத் தாண்டித்தான் படியேறுகிறேன். ஞாபகம் வைத்துக்கொள்.

அல்பீனா

•

பண்ணை
1 பிப்ரவரி

அல்பீனா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

ஜோயனுக்கு நான் போன் செய்யவில்லை. செய்ய நினைத்தேன். கையில் எடுத்தும் விட்டேன். கீழே வைத்துவிட்டேன்.

1955 ஞாபகம் இருக்கிறது. நீ கதவுக்கு வெளியே என்ன நினைத்தாய் என்று எழுதியிருந்தாய். அதை நான் கேட்டதில்லை. உள்ளே என்ன நடந்தது என்று சொல்கிறேன். முதல் நாள் மத்தியானம் நீ கொலாச்சி கொண்டுவந்தாய். உங்கள் ஹோட்டல் கொலாச்சி எங்கள் அம்மா சுடுவதைப் போல் இல்லை. ரொட்டி உள்ளங்கை அகலம் இருக்கும். நடுக் குழியில் பிளம் கூழை அள்ளி வைத்திருந்தார்கள். நீ என் முன்னால் தட்டை வைக்கும்போது உன் மணிக்கட்டில் மாவு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பேசக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார்கள். துண்டுச் சீட்டும் கூடாது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சுற்றி இருந்த ரொட்டியைத் தின்றுவிட்டு நடுவிலிருந்த பிளம்மை அப்படியே விட்டேன். நல்ல பாகம் அதுதானே. உனக்கு இருக்கட்டும் என்று. அடுத்த நாளும் விட்டேன். அதற்கடுத்த நாளும்.

பக்கத்தில் இருந்தவன், "என்னடா, பிளம் வயித்துக்கு ஒத்துக்கலயா?" என்றான். ஆமாம் என்றேன். அப்போதும் பொய் சொல்லக் கூடாது என்று சத்தியம் செய்திருந்தோம். அது வழக்கைப் பற்றியதில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நீ அதைத் தின்றாயா என்று இதுவரை கேட்டதில்லை.

ஊரில் சம்மன் வந்தவர்களெல்லாம் விலக்கு கேட்டு அலைகிறார்கள். ரூடி கோஸ்டல் காது கேட்காது என்று ஜோயனிடம் போயிருக்கிறார். அவள் சரி என்று எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் மெதுவாக, "ரூடி, வெளிய உங்க டிரக்க எவனோ இடிச்சிட்டான்" என்றிருக்கிறாள். கிழவர் குல்லாயை மறந்துவிட்டு வாசலுக்கு ஓடினாராம். 23ஆம் தேதி அவரும் வருகிறார்.

தொழுவத்தில் விளக்கைத் தினம் போடுகிறேன். காரணம் ஒன்றும் இல்லை. பழைய நேரத்துக்கே விழிப்பு வந்துவிடுகிறது. பூட்ஸ் மாட்டிக்கொண்டு வெளியே போய் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறேன்.

லூமிர்

•

வில்மோட்
6 பிப்ரவரி

லூமிர்,

தின்றேன். மூன்று நாளும். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, விரலால் வழித்துத் தின்றேன். முதல் நாள் மட்டும் சமையல்காரி பிளம் புளித்துவிட்டதோ என்று பயந்தாள், அதற்காக ருசி பார்த்தேன். அடுத்த நாள் அந்தச் சாக்கு இல்லை. பன்னிரண்டு தட்டில் எது உன் தட்டு என்று அடையாளம் பார்த்து எடுத்தேன். தீர்ப்பு வந்த அன்று நீ ஹோட்டல் வாசலில் குல்லாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாய். இனிமேல் பேசலாம், சத்தியம் முடிந்துவிட்டது. நீ பேசவில்லை. பாவம், இன்னும் பழக்கம் விடவில்லை என்று நினைத்து நான்தான் பேசினேன். அன்றிலிருந்து நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். தொழுவத்தில் விளக்கு போடுகிறாய் என்ற இடத்தில் அழுதுவிட்டேன். சொல்லக் கூடாது என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன். எனக்கும் அதே நேரத்தில்தான் விழிப்பு வருகிறது. இங்கே பூட்ஸ் மாட்டிக்கொண்டு போக இடம் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆனால் லூமிர், பிளம்மை வைத்து என்னை ஏமாற்ற முடியாது. உனக்கும் அந்த மாடுகள் மேல் ஆசை இருந்திருக்கிறது. கடன் நெருக்கவில்லை. வியாதி வரவில்லை. உன் முதுகும் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் விற்றாய்? ஓமஹாவிலிருந்து கேரல் போன் செய்து, "அப்பாவுக்கு வயசாயிடுச்சும்மா, விட்டுடேன்" என்கிறாள். பெற்ற பெண்ணுக்கே காரணம் தெரியவில்லை.

ஒரே ஒரு கேள்வி. ஏன் விற்றாய்? 23ஆம் தேதிக்குள் பதில் எழுது. எழுதவில்லையென்றால், அன்று நீதிபதி என்னைப் பார்த்து, "இவரு உங்களுக்கு யாரு?" என்று கேட்கும்போது என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். அந்த நேரத்தில் எது உண்மையோ அதைச் சொல்லிவிட்டு, நேரே அந்த வக்கீல் கதவைத் தட்டுவேன்.

அல்பீனா

•

வில்மோட்
23 பிப்ரவரி, சாயங்காலம்

லூமிர்,

பதில் வரும் வரும் என்று தபால்காரரைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிருந்தது. அந்த வெறுப்போடுதான் இன்று காலை கோர்ட் படியேறினேன். வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் இதை எழுதுகிறேன்.

நீ அங்கே இருந்தாய், உனக்கே தெரியும். ஆனாலும் நான் பார்த்ததை எழுதுகிறேன், ஏனென்றால் நீ ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

ஹாலில் நாற்பது பேர். ரூடி முன் வரிசையில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாரையும் எழுப்பி, கேட்பதற்கு உண்மையே சொல்வோம் என்று சத்தியம் வாங்கினார்கள். ஜோயன் பெயர் கூப்பிட்டாள். என் பெயருக்கு நான் எழுந்தேன். அடுத்து உன் பெயர். நீதிபதி இரண்டு படிவத்தையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான் என்ன எழுதியிருந்தேன் என்று உனக்குத் தெரியாது. நீ சொன்னபடி "விவசாயம்" என்று எழுதப் போனேன். பேனா வரவில்லை. பழையபடி "பால் பண்ணை" என்றே எழுதிவிட்டேன்.

"மிஸ்டர் ஸ்விட்டாக், இவங்க உங்களுக்கு யாரு?"

பழக்கப்படி "ம்" என்பாய் என்று நினைத்தேன். நீ குல்லாயைக் கழற்றினாய். "என் சம்சாரங்க" என்றாய். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டிருக்கும். முப்பது வருஷத்தில் உன் குரல் அவ்வளவு சத்தமாக வந்து நான் கேட்டதில்லை, மாடு வேலியைத் தாண்டினபோது தவிர.

"ரெண்டு முகவரி இருக்கே?"

"அவ டவுன்ல இருக்காங்க. நான் பண்ணைல."

"சரி. சட்டப்படி ஒருத்தரத்தான் வெச்சுக்க முடியும். யாரு போறீங்க?"

"நான் போறேங்க. அவ உக்காரட்டும். நான் மூணு தரம் உக்காந்துட்டேன். அவ அன்னிக்குத் தட்டு தூக்கிட்டு வந்தவ. அவளுக்கு உக்காரணும்."

அத்தோடு முடிந்திருக்கும். நீதிபதிதான் விடவில்லை. "ஒரு நிமிஷம். அவங்க படிவத்துல புருஷன் தொழில் பால் பண்ணைன்னு இருக்கு. உங்களுதுல வெறும் விவசாயம். ரெண்டு பேருல யாரு சொல்றது சரி?"

"நான் சொல்றதுதான் சரிங்க. மாட்ட வித்துட்டேன்."

"அது இவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுங்க. லாரி வந்தப்ப தெரிஞ்சுது."

எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. குல்லாயைச் சுற்றிக்கொண்டே, "அவ கைங்க" என்றாய். "ரெண்டு வருஷமா விரல் கணுவெல்லாம் வீங்கிப்போச்சு. ஊறுகாய் பாட்டில் மூடியத் திறக்க முடியாம துணியச் சுத்திப் பல்லால கடிக்கிறா, நான் பாக்கலன்னு நெனச்சுக்கிட்டு. நான் தூங்கினப்புறம் எழுந்து வெந்நீர்ல கைய விட்டுக்கிட்டு உக்காந்திருப்பா. கறக்கற மெஷினத் தூக்கி மாட்டறப்ப உதட்டக் கடிச்சுக்குவா. விடுன்னா விடமாட்டா. மாடு இருக்கற வரைக்கும் போவா. அதான் மாடு இல்லாமப் பண்ணிட்டேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இத நான் கேக்கலயே, மிஸ்டர் ஸ்விட்டாக்."

"நீங்க கேக்கலைங்க. கேட்டது அவ, கடுதாசில. எழுத வரல. இங்க சத்தியம் பண்ணச் சொன்னீங்க, அதான் சொல்லிட்டேன்."

"போகலாம்" என்றார். நீ குல்லாயை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். ரூடி காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு மூக்கைச் சிந்தினார்.

என்னையும் கேட்டார்கள். வழக்கில் உள்ளவர்கள் யாரையாவது தெரியுமா, முன்கூட்டியே ஏதாவது அபிப்பிராயம் உண்டா, நியாயமாக இருக்க முடியுமா? முடியும் என்றேன். என்னை எடுத்துக்கொண்டார்கள். ஏழாம் நம்பர் நாற்காலி.

இப்போது நான் சொல்வதையும் கேள். நீ சொன்னதைக் கேட்டு எனக்கு மனசு உருகிப்போயிற்று, அது உண்மை. அதே நேரம் எழுந்து வந்து உன் தலையில் ஒன்று போடலாம் போலவும் இருந்தது, அதுவும் உண்மை. நாற்பது பேர் எதிரில் சொன்னாயே, அதைத் தொழுவத்தில் என்னிடம் சொல்ல உனக்கு என்ன கேடு? வெந்நீரில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நீ விழித்திருந்தாய் என்றால், எழுந்து வந்து பக்கத்தில் உட்கார வேண்டியதுதானே? அந்தக் கை என்னுடையது. வலிக்கிறது, போதும் என்று நான் சொல்லி, ரோஸாலியை நானே கழுத்தைத் தடவி லாரியில் ஏற்றியிருப்பேன். அந்தக் காலையை நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய். நல்ல எண்ணத்தோடுதான் எடுத்துக்கொண்டாய், ஒப்புக்கொள்கிறேன். எடுத்துக்கொண்டது எடுத்துக்கொண்டதுதான்.

நாளையிலிருந்து நான் ஜூரி. இது வைக்கோல் கொட்டகைக்கு எவனோ தீ வைத்த வழக்கு, அதைத் தவிர ஒன்றும் சொல்ல மாட்டேன். கோர்ட் வராந்தாவில் என்னைப் பார்த்தால் பேச முயற்சி செய்யாதே. இப்போது இருக்கிற டவாலி அந்த ஹைன்ஸை விட மோசம்.

அல்பீனா

•

பண்ணை
27 பிப்ரவரி

அல்பீனா,

தீர்ப்பு வந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். நீ அசதியாக இருப்பாய். இதை மெதுவாகப் படி.

நீ எழுதினது சரி. பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து உட்காரத்தான் செய்வேன், கட்டிலில். சமையலறை விளக்கு கதவு இடுக்கில் தெரியும். நான் வந்தால் நீ கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றுமில்லை என்பாய், அப்புறம் அந்த வெந்நீரும் உனக்குக் கிடைக்காது என்று நினைத்தேன். தப்பாகத்தான் நினைத்திருக்கிறேன்.

நேற்று டவுனுக்கு வந்தேன். உன்னைப் பார்க்க இல்லை, பார்க்கக் கூடாது என்று தெரியும். கோர்ட்டுக்குப் பக்கத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள் என்று சொன்னார்கள். ஜூரி அறை ஜன்னல் கடையிலிருந்து தெரிகிறது. புகை இல்லை. இப்போது யாரும் உள்ளே பிடிப்பதில்லை போல. உன் தலை தெரிகிறதா என்று பார்த்தேன். நீயும் பேசிக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன். அதை நினைத்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பாவம் மற்ற பதினோரு பேரும்.

கடைக்காரி டார்லின்தான் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். திரும்பி வந்து தட்டுகளைக் கழுவும் தொட்டியில் அடுக்கிக்கொண்டே புலம்பினாள். "பாரு லூமிர், பதினோரு பேரு வழிச்சுத் தின்னிருக்காங்க. யாரோ ஒரு மகராசி கொலாச்சில சுத்தி இருக்கறத மட்டும் கொறிச்சிட்டு நடுவ அப்படியே விட்டிருக்கா. நல்ல பிளம்மு. வீணாப் போச்சு."

"வீணாப் போகல. இப்படிக் குடு" என்றேன்.

"எச்சத் தட்டுய்யா!"

"தெரியும். குடு."

ஸ்பூன் கொடுத்தாள். விரலாலேயே வழித்துத் தின்றேன். கடையில் நாலு பேர் பார்த்தார்கள். டார்லின் எனக்குத் தலை கலங்கிவிட்டது என்று முடிவு செய்திருப்பாள். பிளம் புளிக்கவில்லை.

இப்போது ஒரு விஷயம். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ரோஸாலியின் பெண் ஒன்று போன வருஷம் நோவாட்னி பண்ணைக்குப் போனதே, அது கன்று போட்டிருக்கிறது. நெற்றியில் அதே வெள்ளை. அவர் எனக்குத் தருகிறேன் என்றார். அல்பீனாவைக் கேட்க வேண்டும் என்று சொன்னேன். அவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

ஒரே ஒரு கன்று. வாங்கலாமா, வேண்டாமா? நீ சொல்லும் வரை அவருக்குப் பதில் சொல்ல மாட்டேன்.

லூமிர்

•

வில்மோட்
3 மார்ச்

லூமிர்,

கேள்வியை நாலு தரம் படித்தேன். இந்த முப்பது வருஷத்தில் நீ என்னைக் கேட்ட முதல் கேள்வி. கடைசியில் கேள்விக்குறிகூடப் போட்டிருக்கிறாய்.

கன்று வேண்டாம். ஆசையாகத்தான் இருக்கிறது, அதுவும் அந்த வெள்ளை நெற்றியை நினைத்தால். ஆனால் கன்று வளரும், பசுவாகும், கறக்க வேண்டும். என் கைக்கு இனி அது ஆகாது. இதை நான் சொல்கிறேன், நீ இல்லை. நோவாட்னியிடம் போய், அல்பீனா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று அதே வார்த்தையில் சொல். ஒரு நாள் என்னை அங்கே கூட்டிப்போ, பார்த்துத் தடவிவிட்டு வருகிறேன்.

ஜூரி அறையில் என்ன பேசினோம் என்று இப்போது சொல்லலாம். இரண்டு நாள் பேச்சு. நான் எங்கே விட்டுக்கொடுத்தேன், எங்கே மேசையைத் தட்டினேன் என்று எல்லாம் சொல்லித் தீர்க்க வேண்டும். நீ கேட்க வேண்டும், நடுநடுவே ஏதாவது கேள்வியும் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை டிரக்கை எடுத்து வா. தையல் மெஷின் கனம், என்னால் படியிறக்க முடியாது. கீழே நின்று ஹாரன் அடிக்காதே. மேலே ஏறி வந்து, கதவைத் தட்டி, வாயைத் திறந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு.

அல்பீனா